கார்க் கதவை மட்டும் ஓங்கிச் சாத்தாதே

மங்களா,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. நான் பஸ்ஸில் ஆபீஸ் போகிறேன்.

காருக்கு நேற்று சாயங்காலம் முன்கண்ணாடி புதிதாக மாட்டியாகிவிட்டது. ஒட்டின பசை இன்னும் இறுகவில்லை. நாளைக் காலை வரைக்கும் கதவை ஓங்கிச் சாத்தினால், உள்ளே அடைபட்ட காற்று கண்ணாடியை வெளியே தள்ளிவிடுமாம். பின் சீட்டில் உன் குடை கிடக்கிறது. எடுக்கும்போது என் மேல் உள்ள கோபத்தை அந்தக் கதவில் காட்டாதே. பீரோ கதவு இருக்கிறது, பாத்ரூம் கதவு இருக்கிறது.

பதினொரு மணிக்குக் கம்பெனி ஆள் வருவார். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கேமரா ரோட்டை நேராகப் பார்க்கிறதா என்று சோதிப்பார். சாவி டிவி பக்கத்தில். டீ கொடு. கண்ணாடி எப்படி உடைந்தது என்று மட்டும் அவரிடம் கேட்காதே.

கேட்பாய். நானே சொல்லிவிடுகிறேன்.

"திருப்பரங்குன்றத்துக்குக் கார் பூஜை போடப் போன மனுசனுக்கு, ஊருக்கு மறுபக்கம் பரவையில என்ன சோலி?" என்று கேட்டுவிட்டு நாலு நாளாகப் பேசாமல் இருக்கிறாய். பரவைக்கு நான் போகவே இல்லை. பரவை ரோட்டில் லாரி டயரில் தெறித்த கல் என்று நான் சொன்னது பொய். கோயில் வாசலில் காருக்கு முன்னால் தேங்காயை ஓங்கி அடித்தேன். எகிறிப் போய்க் கண்ணாடியில் விழுந்தது. ஒரு மழைத்துளிக்குத் தானாக வைப்பர் போடுகிற கார், அம்புட்டுப் பெரிய தேங்காய்க்கு ஒன்றும் செய்யவில்லை. "தள்ளி நின்னு போடுங்க"ன்னு நீ அன்றைக்கு நான் வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொன்னாய்.

பி.கு: சட்னிக்குத் தேங்காய் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். அதே தேங்காய்தான். ஒரு கீறல்கூட இல்லை. நீயே உடைத்துவிடு.