மீதி நடை

விட்பி,
மார்ச் 3

மதிப்புக்குரிய திரு. கேரிக் அவர்களுக்கு,

நான் டோரீன் ஸ்டாக்டேல். க்ளிஃப்பின் மனைவி. விளக்குகளைச் சரிபார்க்கும்போதும், தூரத்திலிருந்து முதுகைப் படம் எடுக்கும்போதும், உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு உங்களுக்குப் பதிலாக நிற்பாரே, அவர்தான். ஜனவரியில் தவறிப்போய்விட்டார். நீங்கள் அனுப்பிய பூ வந்தது. அப்போது பதில் எழுதக் கை வரவில்லை. பதினைந்து வயதில் மீன் கொட்டகை வேலைக்குப் போனவள் நான். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இன்ஸ்பெக்டர் ஹெப்டனாக நடிக்கிற டிவி தொடரை இங்கே படமெடுக்க வரும்போதெல்லாம் க்ளிஃப்புக்குத் தலைகால் புரியாது. "முகத்துக்கு ஹோட்டல்ல ரூமு, முதுகுக்கு ஒரு பேக்கன் ரொட்டி. ஆனா முதுகு இல்லாம முகம் எங்கடி நிக்கும்?" என்பார். பக்கத்து வீட்டு பிரெண்டா விடமாட்டாள். "க்ளிஃப், திரும்பி நில்லு, உன் முதுகுல கையெழுத்து வாங்கணும்" என்று வம்பிழுப்பாள்.

கேட்க வந்தது இதுதான். கடைசிப் பகுதியின் முடிவில் ஹெப்டன் முதுகைக் காட்டியபடி துறைமுகச் சுவர்மேல் கலங்கரை விளக்கத்தைப் பார்த்து நடந்து போகிறார் இல்லையா, அதைப் பதிந்து வைத்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன். வீட்டில் க்ளிஃப்பின் போட்டோ இருக்கிறது, ஆனால் போட்டோவில் மனுஷன் நடப்பதில்லை. இதில் நடக்கிறார். இடது முழங்கை உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் விலகி இருக்கும். கல்யாணம் ஆனதிலிருந்து என் கை கோத்திருந்த இடம் அது. நான் கூடப் போகாத நாளிலும் அவர் அதை மூடியதில்லை.

டிவியில் அவர் பாதிச் சுவர் தாண்டுவதற்குள் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. அவர் கடைசிவரை நடந்திருப்பார், எடுத்த வேலையைப் பாதியில் விடுகிறவர் இல்லை. அந்த மீதி நடை உங்கள் ஆட்களிடம் இருக்குமா? எனக்குத் தருவார்களா?

இப்படிக்கு,
டோரீன் ஸ்டாக்டேல்


லண்டன்,
மார்ச் 19

அன்புள்ள திருமதி ஸ்டாக்டேல் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே விசாரித்தேன். நல்ல பதில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எழுத நினைத்தேன். கிடைக்கவில்லை.

அந்தக் காட்சியில் முதலில் நடந்தவர் க்ளிஃப்தான். நீங்கள் சொன்னபடியே கலங்கரை விளக்கம் வரை போய்த்தான் நின்றார். ஆனால் கடல் மூடுபனி வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தோம். அன்று அவருக்குக் காய்ச்சல் என்றார்கள். அதனால் நானே நடந்தேன். பழையதை அப்போதே அழித்துவிட்டார்கள்.

நீங்கள் பார்ப்பது என் முதுகை. முழங்கை மட்டும் அவருடையது. முதல் வருடமே அதைக் கவனித்து, "ஏன் க்ளிஃப், கையில என்ன, வலியா?" என்று கேட்டேன். "வலியெல்லாம் இல்லப்பா. அது டோரீனோட இடம். ஒட்டி வச்சுட்டா அவ எதைப் பிடிப்பா?" என்றார். ஹெப்டன் மனைவியை இழந்தவன். அவனுக்கு அது பொருந்தும் என்று எடுத்துக்கொண்டேன். அந்த நடையைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். விருதும் வந்தது. யாருடைய நடை என்று நான் எந்த மேடையிலும் சொல்லவில்லை.

வருத்தத்துடன்,
டெஸ்மண்ட் கேரிக்


விட்பி,
மார்ச் 27

திரு. கேரிக் அவர்களுக்கு,

கடிதத்தைப் பிரெண்டாவிடம் கொடுத்து இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். நான்தான் தப்பாகப் படித்தேனோ என்று பார்த்தேன். இல்லை. இத்தனை நாளும் வேறு ஆம்பிளையின் முதுகைப் பார்த்துத்தான் "படுக்கப் போறேன் க்ளிஃப்" என்று சொல்லியிருக்கிறேன். பிரெண்டா, "விடுடி, அந்தாளு முதுகும் ஒண்ணும் மோசமில்ல" என்றாள். அவர் போனதற்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது.

உங்கள் மேல் கோபமில்லை என்று எழுதினால் பொய். விருதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மேடையேறி அவர் பெயரைச் சொல்லவும் வேண்டாம், அவருக்குக் கூச்சம். கோடையில் மறுபடி படமெடுக்க வருகிறீர்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். வந்தால் கையை உடம்போடு ஒட்டி வைத்து நடங்கள். அது இரவல் கொடுக்கிற பொருளில்லை. என் இடம்.

டோரீன் ஸ்டாக்டேல்


விட்பி,
அக்டோபர் 12

டெஸ்மண்டுக்கு,

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கோடையில் நீங்கள் இங்கே வந்தபோது நான் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டேன். வேண்டுமென்றுதான் போனேன்.

நேற்றுப் புதுத் தொடரின் முதல் பகுதி வந்தது. பிரெண்டாவும் நானும் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நீங்கள் சந்தை வழியாக நடந்து வந்தீர்கள். இரண்டு கையும் கோட்டுப் பைக்குள். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருந்தன. பிரெண்டா, "இந்தாளுக்கு என்னடி ஆச்சு? வாடகை கேக்க வந்தவன் மாதிரி நடக்கிறான்!" என்றாள். ஹெப்டனின் நடையில் பழைய உயிர் இல்லை என்று இன்றைக்குப் பேப்பரிலும் போட்டிருக்கிறார்கள். உங்களைக் குறை சொல்வார்கள் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறீர்கள். பதில் வந்து சேர்ந்தது.

அந்தப் பழைய பதிவை அழித்துவிட்டேன்.

இன்று காலை துறைமுகச் சுவருக்குப் போனேன். அவர் போனபின் இதுதான் முதல் தடவை. காற்று ஆளையே தள்ளியது. டிவியில் பெயர்கள் ஓட ஆரம்பிக்கும் இடத்தில் கொஞ்சம் நின்றேன். அப்புறம் வலது கையை, அவரைப் பிடித்துக்கொள்கிற மாதிரியே மடக்கி வைத்துக்கொண்டு, கலங்கரை விளக்கம் வரை நடந்துவிட்டு வந்தேன்.

டோரீன்