நிற்காமல் ஓடிய பதினோரு நிமிடம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் தம்பியும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். என் மூட்டுவலி வழக்கம் போல. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, முப்பது வருஷம் பம்பு பழுது பார்த்தவர் வீட்டுக் குழாயைப் பாருங்க என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா சிரிக்கிறாள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

நீ ஞாயிறுதோறும் போனில் கேட்கிறாயே, அந்த வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். அம்மா போவதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் தம்பி எடுத்தது. கேமராவை ஜன்னலோரம் வைத்து ஓடவிட்டு அவன் மருந்து வாங்கக் கீழே போய்விட்டான், அதனால் அவள் பேசியது அவனுக்குத் தெரியாது. உள்ளதிலேயே தெளிவாக எடுக்கிறேன் பேர்வழி என்று எடுத்து வைத்ததில் ஃபைல் அவ்வளவு கனம். நம் கிழட்டு லேப்டாப்பில் போட்டால் அம்மாவின் உதடு அசையும், சத்தம் வராது, சத்தம் வந்தால் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். எனக்கு மோட்டார் புத்திதானே, விசிறியில் தூசி அடைத்திருக்கும் என்று சைக்கிள் பம்பால் காற்றடித்தேன், தூசி என் மூக்கில் ஏறியதுதான் மிச்சம். நீ சொன்னபடி மற்றதையெல்லாம் மூடிப் பார்த்தேன், வேறு பிளேயர் போட்டுப் பார்த்தேன், ம்ஹூம். கடைசியில் கம்ப்யூட்டர் கடைக்காரர்தான், என்ன சார் பென்டிரைவ்லேருந்தே நேரா ஓட்டுறீங்க, அது அவ்வளவு வேகமா குடுக்காது, உள்ளே காப்பி பண்ணிக்குங்க என்றார். காப்பி எடுத்தால் அசல் தேய்ந்துபோகுமோ என்று பயந்து நான் அதை மட்டும் செய்யாமல் இருந்திருக்கிறேன், மடையன். காப்பி செய்தும் கொஞ்சம் தடுக்கியது, அளவைக் குறைத்து இன்னொரு ஃபைலாக மாற்றிக் கொடுத்தார்.

அம்மாடி, அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் திக்குகிறது என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். தபாலில் அனுப்புங்கப்பா என்று நீ கேட்டபோது ஃபைலே கெட்டுவிட்டது போலிருக்கிறது என்றேனே, அதுவும் பொய். பதினோரு நிமிடமும் நிற்காமல் ஓடுகிறது. அம்மா உன்னைக் கேட்கவே இல்லை, நிம்மதியாகத் தூங்கினாள் என்று சொல்லியிருந்தேன். கேட்டாள். மூன்று தரம் கேட்டாள். பெரியவகிட்ட சொன்னீங்களா, வராளா என்கிறாள். சொல்லிட்டேன், கிளம்பிட்டா, நாளைக்கு வந்துடுவா என்று அதில் கேட்கிற குரல் என்னுடையது. உனக்கு நான் எங்கே சொன்னேன், சாதாரணக் காய்ச்சல் என்றுதானே சொல்லிவைத்திருந்தேன். பத்து நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார் டாக்டர், நீ அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாய், வீணாக அலையவிடுவானேன் என்று நானே முடிவு செய்தேன், பெரிய மனுஷன். வீடியோவில் மூன்றாம் தரம் கேட்ட பிறகு கடைசிவரை கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பென்டிரைவை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். தனியாகப் பார்க்காதே, மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரச் சொல். திட்ட வேண்டுமென்றால் போன் போட்டுத் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அம்மா உன்மேல் வருத்தப்பட்டுப் போகவில்லை, நீ வழியில் வந்துகொண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

உன் அப்பா