மிட்டாய்மேல் போட்ட பழி

வெஸ்டர்சீல், ஃப்ரீஸ்லாந்து
பிப்ரவரி 10, புதன்

அன்புத் தங்கை ஃபென்னாவுக்கு,

அக்கா ஹிஸ்கே எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரன் டூவேயின் மூக்கு மட்டும் குளிரில் சிவந்துபோய்த் தனிக்குடித்தனம் நடத்துகிறது.

உட்கார்ந்து படி. கால்வாய் உறைந்துவிட்டது. குட்டை இல்லை, கொல்லைப்புற வாய்க்கால் இல்லை, பெரிய கால்வாய். ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஊருக்கே பித்துப் பிடித்திருக்கிறது. பல் டாக்டர் "கால்வாய் உறைந்ததால் விடுமுறை" என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போய்விட்டார். பாதிரியார் பிரசங்கத்தைப் பதினோரு நிமிடத்தில் முடித்தார். அவர் வழக்கமாகத் தொண்டையைச் செருமிக்கொள்ளவே அவ்வளவு நேரம் ஆகும். நம் பனிக்கழகத்து மேஸ்திரி லொல்கே காலையும் மாலையும் துளை போட்டு அளவுகோலை இறக்குகிறான். நாங்கள் நாற்பது பேர் அவன் பின்னாலேயே போய், குனிந்து நின்று, துளையைப் பார்க்கிறோம். இன்றைக்குப் பதினோரு சென்டிமீட்டர். பன்னிரண்டு ஆனால் சனிக்கிழமை ஒன்பது ஆலைச் சுற்று, ஒன்பது காற்றாலைகளையும் பனிமேல் சறுக்கியே சுற்றி வருவது.

உன் பேரிலும் ஒரு முத்திரை அட்டை வாங்கிவிட்டேன். "நியூசிலாந்துல மாடு கறக்கறவளுக்கு இங்க எதுக்கு அட்டை?" என்று லொல்கே கேட்டான். "எங்கம்மா பெத்தது ரெண்டு, அட்டையும் ரெண்டு, குடு" என்றேன். நீ போன பிறகு முதல் உறைவு இது. போன தடவை ஒரே கோலைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நான் எதிர்காற்றைத் தாங்க, பின்னால் நீ சுகமாக வந்தாய். இந்தத் தடவை உன்னைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறேன். ஒவ்வொரு ஆலையிலும் இரண்டு முத்திரை வாங்கி, உன் அட்டையை உனக்கு அனுப்புவேன்.

ஒரு சின்ன விஷயம். ஞாயிற்றுக்கிழமை நான் விழுந்துவிட்டேன். லொல்கே அனுமதி தருமுன்பே வீட்டுப் பின்வாய்க்காலில் இறங்கிச் சோதித்தேன். ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி, தாங்கும் என்று நினைத்தது பனியை. தாங்காமல் போனது கால். இடது விலாவும் இடுப்பும் பனியில் மோதிய சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது.

டாக்டர் போன்ஸ்ட்ராவைக் கூப்பிடவில்லை. எதற்கு? அவர் என்ன சொல்வார் என்று இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். தலைவலியா, பாராசிட்டமால். காதல் தோல்வியா, பாராசிட்டமால். தலையைத் தனியாகக் கையில் எடுத்துக்கொண்டு போனாலும், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார். அதனால் நேராக மருந்துச் சாமான் கடைக்குப் போய் இபுப்ரூஃபன் கேட்டேன்.

அங்கே இப்போது விப்ரன் நிற்கிறான். இருபது வருடம் பால்கட்டி ஆலையில் இருந்தானே, அதே விப்ரன். ஆலை மூடியதும் படித்துத் தேறி, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். "இந்த மருந்து உங்களுக்குத் தெரியுமா?" என்றான். எல்லாக் கடையிலும் கேட்கும் கேள்விதான். தேவாலயத்தில் ஆமென் சொல்வதுபோல நாமும் தெரியும் என்போம், அவர்களும் பில் போடுவார்கள். நானும் "தெரியும்" என்றேன். அவன், "தெரியும்னா சொல்லுங்க, இதை எதுகூடச் சேத்துப் போடக் கூடாது?" என்றான். பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். "கேள்வி மேல கேள்வி கேக்கறவங்க கூட" என்றேன். வரிசை சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "தினம் வேற மாத்திரை ஏதாவது உண்டா?" என்றான். எனக்கு மானம் போய்விட்டது. ஒரு ஷாம்புவை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பிறகு சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினேன். அங்கே பில் போடுவது இயந்திரம். தள்ளுபடி அட்டை உண்டா என்று மட்டும் கேட்டது. என்ன பண்பு.

ஃபென்னா, பறக்கிறேன். காலையில் வாதத்துக்கு வழக்கமான பிரட்னிசோலோன், நாள் முழுக்க இந்த இபுப்ரூஃபன் நாலு. வலி இருந்த இடம் தெரியவில்லை. மாடு உதைத்த தோள் உனக்கு இன்னும் வலிக்கிறது என்று எழுதியிருந்தாயே, நீயும் இதையே வாங்கு. அம்மா நம் இருவருக்கும் விட்டுப்போனது ஒரே மூக்கு, ஒரே வாதம். டாக்டர்கள் தருவதும் ஒரே பிரட்னிசோலோன். எனக்கு ஒத்துக்கொண்டது உனக்கும் ஒத்துக்கொள்ளும். கடையில் கேட்டால் தெரியும் என்று சொல்.

கடைசியாக ஒரு பாவமன்னிப்பு. உனக்கு அனுப்ப வாங்கி வைத்திருந்த ஒரு கிலோ உப்பு அதிமதுர மிட்டாயை நானே தின்றுவிட்டேன். நேற்றோடு பையும் காலி. நாக்கு கறுப்பு. நாக்குக்கு எதிர்முனையிலும் கறுப்புதான், காலையில் பார்த்து நானே பயந்துவிட்டேன். வயிற்றிலும் கொஞ்சம் எரிச்சல். அது டூவே வைத்த பட்டாணி சூப்பின் வேலை.

சனிக்கிழமைக்கு வேண்டிக்கொள்.

உன்னைப் பையில் சுமந்து போகும்
ஹிஸ்கே


மருத்துவமனை, மூன்றாம் மாடி
பிப்ரவரி 18, வியாழன்

அன்பு ஃபென்னாவுக்கு,

முந்தைய கடிதம் உன் கைக்கு வந்திருந்தால் அடுப்பில் போடு. அதில் உண்மையான செய்தி கால்வாய் உறைந்தது ஒன்றுதான்.

மூன்று தடவை ஃபோன் செய்தேன். அந்த மாத்திரையை நிறுத்து என்று சொல்ல ஆரம்பித்ததுமே, "சரிக்கா, சரி, கறவை மெஷின் ஓடுது" என்று வைத்துவிட்டாய். அந்தச் 'சரி' எனக்கு நன்றாகத் தெரியும். நான் விப்ரனிடம் சொன்ன 'தெரியும்' அது. அதனால் முழுக் கதையையும் எழுதுகிறேன். கறவை முடிந்த பிறகு படி.

சனிக்கிழமை காலை பன்னிரண்டரை சென்டிமீட்டர். லொல்கே கொடியை ஏற்றியபோது எண்ணூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். கால்வாய்மேல் மேகம் கட்டியது. பனி எப்படிப் பாடியது தெரியுமா? அடியில் யாரோ நீளமான கம்பியைச் சுண்டுகிற மாதிரி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடுகிறது சத்தம். வெயில், பின்காற்று, எல்லா ஆலையிலும் கொடி. முதல் மூன்று ஆலை வரை எனக்கு முப்பது வயது. ஐந்தாவது ஆலையில் முத்திரை குத்துகிற அம்மாள், "ஆளுக்கு ஒண்ணுதான்" என்று கறாராகச் சொன்னாள். உன் ஃபோட்டோவைக் காட்டினேன். "இந்த மூக்கு ரெண்டு பேருக்கும் இருக்கே" என்று சொல்லி இரண்டாவது முத்திரையையும் குத்தினாள்.

ஆறாவது ஆலைக்குப் பிறகு மூச்சு வாங்கியது. நெஞ்சு படபடத்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போனார்கள். பிறகு, சறுக்கக் கற்றுக்கொள்வதற்காகச் சமையலறை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரும் பொடிசுகளும் தாண்டிப் போயின. அப்போதும் சந்தோஷம் என்றுதான் நினைத்தேன்.

எட்டாவது ஆலையில், ஆரஞ்சு அங்கி போட்டுக்கொண்டு முத்திரை குத்துவது யார்? விப்ரன். கேள்வியே கேட்காமல் இரண்டு அட்டையிலும் குத்தினான். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். "இருபது வருஷம் பால்கட்டி பாத்தவன் நான். மனுஷ முகத்துல அந்த நிறம் வரக் கூடாது" என்றான். அன்றைக்கு எந்தக் கடையில் மாத்திரை வாங்கினேன் என்று கேட்டான். பெருமையாகச் சொன்னேன். தினமும் என்ன போடுகிறேன் என்றான். பிரட்னிசோலோன், ஒரு வருடமாக, என்றேன். முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தான்.

பிறகு குரலைத் தாழ்த்தி, காலையில் கழிவறையில் என்ன நிறம் என்று கேட்டான். அவன்தான் குரலைத் தாழ்த்தினான், நான் தாழ்த்தவில்லை. "கறுப்பு. ஒரு கிலோ அதிமதுர மிட்டாய் தின்னா வேற என்ன நிறத்துல வரும், ஆரஞ்சா?" என்றேன். சூப் வரிசையில் நின்ற முப்பது பேரும் கேட்டார்கள். ஒருவர் கரண்டியை வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நிறுத்திவிட்டார்.

"மிட்டாய் எப்ப தீந்துது?" என்றான் விப்ரன்.

செவ்வாய்க்கிழமை என்றேன்.

"இன்னைக்குச் சனிக்கிழமை, ஹிஸ்கே."

அவ்வளவுதான் சொன்னான். எனக்குக் கணக்கு மெதுவாகத்தான் ஏறும், ஆனால் ஏறிவிட்டது.

அப்படியும் நான் சண்டை போட்டேன். இன்னும் ஒரே ஆலை, மூன்று கிலோமீட்டர், "அதோ பாரு, தெரியுது" என்றேன். அவன், "ஆலை எங்கயும் போகாது. நீங்க போயிடுவீங்க" என்றான். ஒரு குழந்தையிடமிருந்து சமையலறை நாற்காலியைக் கடன் வாங்கி, என்னை உட்கார வைத்து, குதிரைப் போர்வையைச் சுற்றி, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே பாலம் வரை சறுக்கினான். ஊரே வழி விட்டது. ஏதோ வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள். யாரோ ஒரு ஆரஞ்சுப் பழத்தை மடியில் போட்டார்கள். நானும் அரசிபோலக் கையை அசைத்தேன். ஹிஸ்கே விப்ரனோடு ஓடிப்போய்விட்டாள் என்று மறுநாள் ஒரு செய்தி உலவியதாம். ஓடினது அவன், உட்கார்ந்திருந்தது நான்.

பாலத்தடியில் ஆம்புலன்ஸ் நின்றது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என் ஞாபகத்தில் இல்லை. கண் திறந்தபோது டூவே என் சறுக்குக் காலணி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திட்டவே இல்லை. அதில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது.

வயிற்றுக்குள் புண், அதிலிருந்து ரத்தம். குழாய் விட்டு அடைத்தார்கள். இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். நாம் தினமும் போடுகிற பிரட்னிசோலோனோடு அந்த இபுப்ரூஃபனும் சேர்ந்தால் வயிற்றின் உள்தோலைத் தின்றுவிடுமாம். கறுப்பாகப் போனது மிட்டாய் இல்லை, என் ரத்தம். எக்ஸ்ரேயில் விலா எலும்பில் விரிசல். பிரட்னிசோலோனை நெடுநாள் போட்டால் எலும்பு மெலியும், அதனால் விழுந்தாலோ அடிபட்டாலோ உடனே காட்டியிருக்க வேண்டும் என்றார் இங்கத்து டாக்டரம்மா. வலியை அமுக்கிவிட்டு விரிசல் விலாவோடு எட்டு ஆலை சுற்றியிருக்கிறேன்.

அந்தக் கோபத்தில், "பிரட்னிசோலோனையும் தூக்கிக் குப்பையில போடுங்க" என்றேன். அந்த அம்மாள் என் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடமாக வெளியிலிருந்து வருவதை நம்பி உடம்பு தன் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறதாம். திடீரென்று நிறுத்தினால் ஆளே சாய்ந்துவிடலாமாம். குறைப்பதென்றால் டாக்டர் சொல்லும் அளவில், படிப்படியாகத்தான். இதை இரண்டு தடவை படி, ஃபென்னா. நிறுத்த வேண்டியது அதை இல்லை, இபுப்ரூஃபனை.

நேற்று டாக்டர் போன்ஸ்ட்ரா பார்க்க வந்தார். இனிமேல் விலா வலிக்கு என்ன போடுவது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார், பாவம். "பாராசிட்டமால்" என்றார். சிரித்தேன், விலா பிடித்துக்கொண்டது. இருபது வருடமாக நாம் கேலி செய்த மனிதர் சரியாகச் சொல்லும் நாளும் வந்துவிட்டது. அதையும் அவர் சொன்ன அளவுக்கு மேல் போடக் கூடாது. அதோடு துணி சுற்றிய ஐஸ் பொட்டலம், இருமும்போது அணைத்துக்கொள்ள ஒரு தலையணை, வயிற்றைக் காக்க ஒரு மாத்திரை. வலி அடங்காவிட்டால் அவரைக் கேட்க வேண்டும், சூப்பர் மார்க்கெட்டை இல்லை.

விப்ரனும் வந்தான். பூ கொண்டுவரவில்லை. என் மாத்திரைகளை வரிசையாக வைத்து, "இந்த மருந்தெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?" என்றான். "தெரியாது விப்ரன், சொல்லுங்க" என்றேன். நாற்பது நிமிடம் சொன்னான். அவன் முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் பார்த்ததே இல்லை. யாரும் இதுவரை அவனிடம் தெரியாது என்று சொன்னதில்லை போலிருக்கிறது.

இப்போது உன் தோள். மாடு உதைத்து ஐந்து வாரம் ஆகிறது. இன்றைக்கே உங்கள் டாக்டரிடம் போ. தினமும் என்ன போடுகிறாய் என்று முதலில் சொல், உதையைப் பிறகு சொல். எக்ஸ்ரே வேண்டுமா என்று கேள். என் பேச்சைக் கேட்டு அந்த மாத்திரையை வாங்கியிருந்தால் இனி ஒன்றுகூடப் போடாதே, போட்டதை அவரிடம் மறைக்காதே. கறுப்பாகப் போனால், தலை சுற்றினால், கறவை முடியட்டும் என்று இருக்காதே. மாடு காத்திருக்கும். உனக்கு மிட்டாய் அனுப்பப் போவதில்லை. பழி போட உன்னிடம் எதுவும் இருக்கக் கூடாது.

அதற்குப் பதிலாக உன் அட்டை. எட்டு முத்திரை இருக்கிறது, ஒன்பதாவது கட்டம் காலி. என்னுடையதிலும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமையே பனி உருக ஆரம்பித்துவிட்டது. ஜன்னலிலிருந்து பார்த்தால் இப்போது வாத்துகள் நீந்துகின்றன. அடுத்த உறைவு அடுத்த வருடம் வரலாம், ஒன்பது வருடமும் ஆகலாம் என்கிறான் லொல்கே. முத்திரைக் கட்டையை எடுத்து வைத்திருக்கிறானாம், நாம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் குத்துவானாம். ஒன்பது வருடம் என்றால் எனக்கு அறுபத்திரண்டு, உனக்கு அறுபது. அந்த வயதில் என் பின்னால் கோலைப் பிடிக்க வேறு ஆள் கிடைக்காது.

இந்தக் கடிதம் வந்து சேரும் முன்பே மறுபடி ஃபோன் செய்வேன், சேர்ந்த பிறகும் செய்வேன். "சரிக்கா" என்று மட்டும் சொல்லாதே. டாக்டர் என்ன சொன்னார் என்று சொல்.

உன் எலும்பும் வயிறும் நூறு வருடம் உன்னோடு இருக்கட்டும்.

கோலின் முன்முனையில் காத்திருக்கும்
அக்கா ஹிஸ்கே