மான்கள் ஓய்வில் உள்ளன

கந்தகமலைப் பூங்கா, உச்சி நிலையம்
பதிவு செய்பவர்: நாறும்பூநாதன், எரிமலைக் கண்காணிப்பாளர்

2091 மார்ச் 14, காலை 7.10
விடிந்ததிலிருந்து இரண்டு சிறு அதிர்வுகள். எழுபத்தாறு கடமான்களின் கழுத்துப்பட்டைகளும் சரியாக வேலை செய்கின்றன. பின்னால் வருபவருக்காக எழுதுகிறேன்: இங்கே அபாயச் சங்கு கிடையாது, விலங்குகள் மிரளும். நச்சுவாயு கிளம்பினால் முதலில் ஓடுவது மான்தான். மான் ஓடினால், பட்டைகளைக் கவனிக்கும் இயந்திரம் பார்வையாளர் பாதையை மூடும். மான் நின்றால் திறக்கும். பத்து வருடமாக இதுதான் வழக்கம். மான் என்னைவிட ஒழுங்காக வேலை பார்க்கிறது, விடுப்பும் கேட்பதில்லை.

8.25
என் மனைவி கோமதி சைக்கிள் குழுவோடு அடிவாரத்திலிருந்து கிளம்பிவிட்டாள். அவள்தான் வழிகாட்டி. பின்னால் எட்டுப் பேர். கீழ்ப்பள்ளத்தில் முப்பத்தோரு மான்கள் அமைதியாக இருப்பதால் இயந்திரம் அவர்களை அங்கே அனுப்புகிறது. பச்சை விளக்கு.

8.52
சற்றுப் பெரிய அதிர்வு. ரோப் கார் கம்பி அறுந்தது. இனி நான் இறங்க வேண்டுமானால் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும்.

9.14
திரையில் பட்டைகளின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பள்ளத்து மான்கள் ஐம்பது நிமிடமாக ஓரங்குலம்கூட நகரவில்லை. அசைபோடும் மானாவது கழுத்தைத் திருப்பும். பட்டைக்கு இடம் மட்டும்தான் தெரியும், நாடி தெரியாது. செத்த மானும் அதற்கு ஓய்வெடுக்கும் மான்தான்.
அவை ஏன் ஓடவில்லை என்பது எனக்குத் தெரியும். பார்வையாளர் கண்ணில் மான் படட்டும் என்று அங்கே உப்புக்கட்டி வைத்தவன் நான். நக்குவதை விட்டு அவை நகரவில்லை. கரியமில வாயு கனமானது, பள்ளத்தில்தான் தேங்கும்.

9.17
வாக்கி டாக்கியில் கோமதி: “அத்தான், மானெல்லாம் படுத்துக் கெடக்கு. கிட்டப் போனாலும் எந்திரிக்க மாட்டேங்குது. எல்லாரும் போட்டோ எடுக்காங்க.”
நான்: “சைக்கிளப் போட்டுட்டு மேட்டுக்கு ஏறச் சொல்லு. நின்னா மூச்சு விட முடியுதுன்னா வாயு இடுப்பளவுக்குத்தான் நிக்கி. யாரும் குனியக் கூடாது.”

9.21
ஆறு பேர் ஏறிவிட்டார்களாம். படமெடுக்க மண்டியிட்ட இருவர் எழவில்லை. ஒருத்தி கல்லூரிப் பெண்.
“விட்டுட்டு வா கோமு. குனியாத.”
“பாத்துக்கிட்டே எப்படி அத்தான் வர முடியும். மூச்சப் பிடிச்சிக்கிடுதேன்.”

9.22
பதில் இல்லை.

9.23
பதில் இல்லை.

9.31
எத்தனை முறை கூப்பிட்டேன் என்று எண்ணவில்லை. மேட்டில் இருப்பவர்களிடம் வாக்கி டாக்கி கிடையாது. பார்வையாளர் கையிலும் இடம் காட்டும் பட்டை கட்டித்தான் அனுப்புவோம்; அவர்களின் பட்டைகளில் மூன்று மறுபடி பள்ளத்துக்கு இறங்கின. உதவப் போயிருப்பார்கள். இப்போது அந்த மூன்றும் நகரவில்லை.

9.40
திரையில்: “கீழ்ப்பள்ளம். மான் 31, மனிதர் 6. அனைவரும் ஓய்வில். பாதை பாதுகாப்பானது. இரண்டாம் குழு, 40 பேர், வேனில் ஏறுகிறது.”
வேனை நிறுத்தும்படி இயந்திரத்துக்குச் சொன்னேன். காரணம் கேட்டது. எழுதினேன். மான்கள் ஓய்வில் உள்ளதால் ஏற்க முடியாது என்றது. மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அதே பதில். அடிவார அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எல்லோரும் வெளியே நின்று அந்த நாற்பது பேருக்குக் கை காட்டிக்கொண்டிருப்பார்கள்.

9.46
இறங்கப் போகிறேன். வேன் அரை மணியில் பள்ளத்துக்குப் போய்விடும். எனக்கு இரண்டு மணி நேரம் ஆகும். முகமூடியில் இருபது நிமிடக் காற்று. போய் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். இங்கே உட்கார முடியவில்லை.
இதை எடுப்பவருக்கு: என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். கோமதி பெயருக்கு நேராக விபத்து என்று எழுதாதீர்கள். அவள் தெரியாமல் குனியவில்லை. நான் சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டுத்தான் குனிந்தாள்.