ஒற்றைக்கைத் துரைக்கு வைத்த பொட்டு

ஜூலை 8, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். அம்பத்தூர் எஸ்டேட் மொத்தமும் இட்லிக் குண்டானுக்குள். ஆடி பிறப்பதற்குள் பூஜை போட வேண்டும் என்று முதலாளி அவசரமாக ரோபோவை இறக்கிவிட்டார். மனிதரோடு தோளுரசி வேலை செய்யுமாம். தோளே இல்லை. ஒரே ஒரு கை. தலை, வயிறு, வெட்கம் எதுவும் கிடையாது. பெயர் வைத்துவிட்டேன்: துரை. எங்கள் மேரி தினமும் செய்வதுதான் இதற்கும் வேலை: காஸ்டிங்கை, அதாவது வார்ப்புத் துண்டை, மெஷினில் வைப்பது, துளை விழுந்ததும் எடுப்பது. அதற்கு இந்த ஐராவதம்!

சூப்பர்வைசர், அதாவது இந்த மெஷின் ஷாப்பின் சக்கரவர்த்தி என்ற முறையில் சந்தனம், குங்குமம் என் கையால். நெற்றியைக் காணோம். மணிக்கட்டில் கண்ணாடி வட்டம் ஒன்று. அதில் அப்பினேன்.

ஜூலை 9, புதன்
அது கேமராவாம். துரைக்குக் கண் தெரியவில்லை. ரோபோவைப் பொருத்த வந்த இன்ஜினீயர் தீபா துடைக்கப் போனாள். முதலாளி அலறினார். "பூஜைப் பொட்டும்மா! அண்ணே, எப்ப அழிக்கலாம்?"

"ஆடி முடியட்டும் சார். இல்லாட்டி மெஷின் ரத்தம் கேக்கும்" என்றேன். டீ குடிக்கும்போது நானே இயற்றிய சாஸ்திரம்.

காரணம் உண்டு. துரை ஓடினால் மேரிக்கு, உட்கார்ந்து துளையைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்ஷன் மேஜை என்கிறார் முதலாளி. முதலாளிகள் பாஷையில் மேஜை என்றால் வாசல் கேட். துரை குருடாக இருக்கும்வரை மேரிக்கு வேலை.

வாங்க: டீத்தூள், தலைவலித் தைலம்.

ஜூலை 10, வியாழன்
மதியம் துரை ஓடுகிறார்! பொட்டைக் காணோம். மேரியின் துப்பட்டா நுனியில் சந்தனக் கறை.

"இன்னாம்மா பண்ண? உனக்காவத்தானே பொய் சொன்னேன்!"

"யாரு சொல்லச் சொன்னா அண்ணாத்தே? மணிக்கட்டப் பாரு, பன்னு மாரி வீங்கிக்கீது. மேஜை வேலை நாந்தான் முதலாளியாண்ட கேட்டேன்."

"ரத்தம் கேக்குமே?"

"எனக்கு சாமி வேற. நீ போய் டீ குடி."

என் சாஸ்திரம், பிறந்த மறுநாளே மரணம்.

ஜூலை 11, வெள்ளி
தூறல். உலக அதிசயம்: முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மேரிக்கு மேஜை, ஸ்டூல், ஃபேன். தீபா ஊருக்குக் கிளம்பியாயிற்று. துரை பேச்சின்றி, ரசனையின்றி எடுத்து வைக்கிறார். பத்தரைக்குள் ஒரு தட்டு முழுவதையும் மேரி ஒதுக்கிவிட்டாள்.

"அண்ணாத்தே! உன் மாப்ள காஸ்டிங்க சாய்ச்சு வைக்கிறான். ஓட்டை கோணலா கீது. நான் பாஸ் பண்ண மாட்டேன்."

"புதுசு இல்ல? பழகிடுவான், விடும்மா."

"எப்பலேர்ந்து நீ அவனுக்கு வக்கீலு? எந்திரிச்சு வா."

சக்கரவர்த்தி ஸ்பேனரோடு எழுந்தேன்.