மானுக்கு விதைத்த புல்

1987 நவம்பர் 15, ஞாயிறு. லா ஷாப்பல்.

சிவம் அண்ணை வேலை செய்யும் வேட்டைக்காட்டின் முதலாளி இன்று எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். ஞாயிறு என்று எங்களிடம் வந்திருந்த அண்ணைக்குப் பிரெஞ்சு தெரியாது. நான்தான் நடுவில் நின்று சொல்ல வேண்டும்.

குளிர்காலத்தில் மான்கள் மேய்வதற்காக அங்கே தீவனப் புல் விதைத்திருக்கிறார்கள். முற்றலையும் களையையும் தின்ன ஒரு கிழமை செம்மறிகளை விட்டு, பிறகு பட்டியில் அடைத்துவிடுவது அண்ணையின் வேலை. போன மாதம் அண்ணை என்னிடம் யோசனை கேட்டார். தாவரவியல் படித்த பெருமையில், "இன்னும் ரெண்டு கிழமை விடுங்கோ அண்ணை, மேய மேயத்தான் தளிர்க்கும்" என்றேன். இந்த நாட்டில் குளிர் தொடங்கினால் புல் வளராது என்று நான் நினைக்கவேயில்லை. இப்போது அங்கே வெறும் மண்தானாம்.

யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று முதலாளி கேட்டார். கேள்வியை அண்ணையிடம் தமிழில் சொன்னேன். என் பிள்ளையை மடியில் வைத்திருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை, என்ர பிழை எண்டு சொல்லு தங்கச்சி."

ஒரு சொல்லும் பிசகாமல் அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் என்னை என்ன செய்திருப்பார்? ஒன்றுமில்லை. அண்ணையை நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம் என்றார். அதையும் நானே அண்ணைக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஓம், அப்ப மானும் நானும் வேறை இடம் பாக்கவேணும்" என்று அவர் சிரித்தார்.

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.