உலு திராமில் ஒரு வேதசாட்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? இதனால் அறிவிப்பது யாதெனில், உங்கள் மகன் ரூபன் ஞாயிறன்று இங்கே உலு திராம் மாதா கோயில் மேடையில் வேதசாட்சியாக மரித்தான். அலறாதீர்கள், நாடகம்தான்.

எனக்குப் புனித ஜெனேசியஸ் வேடம். ரோமாபுரிக் கோமாளி. பேரரசன் சிரிப்பதற்காக ஞானஸ்நானத்தைக் கேலியாக நடித்தவன், தலையில் தண்ணீர் விழுந்ததும் நிஜமாகவே விசுவாசியாகிவிட்டான். தலையை வெட்டிவிட்டார்கள். "சேட்டைக்காரன் நீதான்லா சரி," என்றார் நாடகம் போட்ட ஷர்மினி டீச்சர். வசனத்தில் ஒரு சொல் பிசகவில்லை. ஒரே கைதட்டல்.

விடுதி ஷாம்பு எனக்கு ஒத்துவரவில்லை. நம் ஊர் சாஆவிலிருந்து இங்கே வரும் மதி அண்ணனிடம் நம் வீட்டுச் சீயக்காய் கொடுத்தனுப்புங்கள். ஃபேக்டரி பஸ் ஹாரன் அடிக்கிறது.

ரூபன்

பி.கு: ஒரு சொல் பிசகியது. தண்ணீர் விழுந்ததும் "விசுவசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் நீங்கள் தலைக்கு ஊற்றியது போலவே இருந்தது. "அம்மா" என்றுவிட்டேன்.